தடை போட்ட சிம்மிலிருந்து வந்த அழைப்பு

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான். செல்போன் டவர் வேலைக்காரன் பயப்பட வேண்டியது மேலதிகாரிக்கு மட்டும்தான் என்று இருந்தேன். இதைப் படித்து நீங்களும் சிரிக்கலாம், வருத்தமில்லை.

இராஜாக்கமங்கலத்துத் தென்னந்தோப்பு மோட்டார்களுக்கு சிம் போட்ட ஸ்டார்ட்டர் வந்த புதிது. வீட்டிலிருந்தே போன் அடித்து மோட்டாரை ஓடவிடலாம். தொல்லை என்னவென்றால், கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு ஸ்டார்ட்டரும் தன் முதலாளியைக் கூப்பிட்டுச் சேதி சொல்லும். பெருங்காற்று அடித்த ஒரு சாயங்காலம் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்க, அத்தனை மோட்டார்களும் சேர்ந்து டவரை அடைத்துவிட்டன. மனுஷர் பேச இடமில்லை. சரிசெய்ய என்னை அனுப்பினார்கள், வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

டவர் அறையில் லேப்டாப்பைத் திறந்ததும் ஸ்டெல்லா வந்து நின்றாள். அவள் கணவன் சேவியர் காலையில் தனியாக வள்ளத்தில் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை.

"அண்ணே, ஒருத்தருக்கும் விளி போகல்ல. எந்தப் பக்கம் தேடணும்னு அவருதானே சொல்லணும்?"

"மோட்டாருவளுக்க வாயைக் கெட்டிட்டா சரியாவும் மக்கா," என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு, மோட்டார் சிம்கள் மொத்தத்துக்கும் தடை போட்டேன். வெளியே நின்றவர்களின் போன்கள் அடிக்க ஆரம்பித்தன. சேவியர் மட்டும் கிடைக்கவில்லை. எண்ணை வாங்கிப் பார்த்தேன். நான் தடை போட்ட கூட்டத்தில் அதுவும் இருந்தது.

"இது மோட்டார் சிம்மில்லா?"

"தோப்புல கெடந்ததக் கழத்தி போனுல போட்டுட்டுப் போனாரு. அதுலதான் காசு கெடந்து. எல்லாரும் அப்படித்தானே செய்யாவ."

உண்மைதான், என் வீட்டிலேயே செய்தோம். தடையை அங்கிருந்து மொத்தமாகத்தான் எடுக்க முடியும்; எடுத்தால் மோட்டார்கள் மறுபடி டவரை அடைக்கும், எடுக்காவிட்டால் சேவியர் பேச முடியாது. நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது. அதே எண். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், திரையில் தடை அப்படியே இருந்தது.

"எங்க நிக்கிய?" என்றாள். போனில் கேட்டதை எங்களுக்கு உரக்கச் சொன்னாள்: "கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால மலை வாற எடம்."

கரையில் தெரிவதை வைத்துக் கடலில் இடம் சொல்லும் கணக்கு அது; வள்ளங்கள் அங்கே போயின. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த சேவியரை உயிரோடு கொண்டுவந்தார்கள்.

மறுநாள் பார்க்கப் போனேன், நன்றி சொல்வான் என்ற நப்பாசை வேறு. "நீ விளிச்சது நல்லதாப் போச்சு," என்றேன்.

"நான் எங்க அண்ணே விளிச்சேன்? உச்சைக்கு முன்னாடியே வள்ளம் மறிஞ்சு, போனு கடல்ல போச்சே."

ஸ்டெல்லா வாசல்வரை என்கூட வந்தாள். பல மாதம் கழித்து சந்தையில் பார்த்தபோதுதான் சொன்னாள்.

"கரண்டு போயிட்டு வாற சில நாளு அந்த நம்பர்லயிருந்து விளி வருது அண்ணே. நான் எடுக்கல்ல. அவரு பக்கத்துல இருந்து சாப்பிடும்போ எப்படி எடுக்க?"

அந்த ஒரு இணைப்பை மட்டும் ஆபீஸிலிருந்து ஒரே தட்டில் அடியோடு வெட்ட என்னால் முடியும். வெட்டட்டுமா என்று அவளிடம் இன்றுவரை கேட்கவில்லை.