ஆறங்குலம் தள்ளிக் கட்டிய ஷெட்

வேலூர் லாங் பஜாரில் ஒரு புளிக்கடை வாசலில் நின்று, கொட்டை எடுத்த புளியில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மனைவி போன் செய்தாள். பின்னால் ஒரு தள்ளுவண்டிக்காரர் வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்ததால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"குணாக்கா போய்ட்டாங்க," என்றாள்.

"எங்க?" என்றேன். பழைய மரம், பழைய தகரம் என்று எதையாவது தேடி அவர் ராணிப்பேட்டைக்குப் போவது வழக்கம். அங்கேதான் போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

"இன்னாங்க நீங்க. காலைல டீ குடிச்சிட்டு ஷெட்டுக்குப் போனவங்க, வாசப்படியிலயே உக்காந்துட்டாங்க. அவ்ளோதான். வாங்க நீங்க."

புளி வாங்கவில்லை. ஆம்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பள்ளிகொண்டா தாண்டியும் வாயில் அந்தப் புளிப்பு போகவில்லை. அழுகை வரவேண்டிய நேரத்தில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. அவரிடம் இதைச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்துக்குத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார்.

குணசுந்தரி அம்மையார் எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் பக்கத்து வீட்டுக்காரர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். முதலில், தோலை எந்த வடிவத்தில் வெட்டுவது என்று அட்டையில் மாதிரி வெட்டித் தரும் பேட்டர்ன் பிரிவில் இருந்தார். பிறகு தைத்து வந்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவுக்குச் சூப்பர்வைசர் ஆனார். ஒரு தையல் கோணியிருந்தாலும் அவர் கையைத் தாண்டி அந்த ஷூ போகாது என்பார்கள். அவரிடம் வேலை செய்த பெண்கள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் முந்தானையைச் சரிசெய்துகொள்கிறார்கள்.

நான் ஓய்வுபெற்ற சர்வேயர். நில அளவைத் துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள். அண்ணன் தம்பிகள் அரை அடி நிலத்துக்காக அரிவாளைத் தூக்கிய இடங்களில் எல்லாம் என் அளவை ஒத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இதை நான் அடிக்கடி சொல்வேன் என்று என் மனைவி குறைசொல்வாள். குணாம்மா குறை சொன்னதில்லை. "சொல்லட்டும் வுடு, வேற இன்னா இருக்குது அவருக்கு?" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அதுவும் என் காதில் விழும்படியாக.

ஓய்வு பெற்ற பிறகு குணாம்மா, ஷூ தைக்கும் மெஷின் இரண்டை வாங்கி வீட்டுக் கூடத்தில் போட்டார். கம்பெனியிலிருந்து மூட்டையாக ஷூவின் மேல்தோல் வரும், தைத்துக் கொடுப்பார். அந்தச் சமயத்தில்தான் மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது. மருமகள் தாய்வீட்டில் இருந்தார். மகன் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மா, கொழந்தை வர்ற வூடு. இந்தச் சத்தம் வேணாம்மா. வித்துடலாம்."

"வேற எடம் இருந்தா ஓட்டலாமா?"

"இருந்தா ஓட்டிக்க. எங்க இருக்குது?"

மெஷினைப் பார்க்கப் பேர்ணாம்பட்டிலிருந்து ஒருவர் வந்தும் போய்விட்டார். குழந்தையை அழைத்துவர ஒரு புதன்கிழமையைக் குறித்தாயிற்று. அதற்குள் கொல்லைப்புறத்தில் ஒரு ஷெட் நிற்காவிட்டால் மெஷின்கள் பேர்ணாம்பட்டுக்குப் போய்விடும். வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் குணாம்மாவை எங்கள் தெருவில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. "மெஷினு போச்சுன்னா நான் டிவி முன்னாடி உக்காந்தே செத்துடுவேன் சரசு," என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

கையில் காசு கம்மி. அதனால் ஷெட் கடையில் வாங்கியதாக இல்லாமல், அங்கங்கே பொறுக்கியதாக அமைந்தது. மூடிக் கிடந்த ஒரு தோல் பதனிடும் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய மரப் பீப்பாயைப் பிரித்து விற்றார்கள். அந்தப் பலகைகள்தான் சுவர். இடித்த கல்யாண மண்டபத்துத் தகரம்தான் கூரை. குணாம்மாவின் கணவர் சம்பத், தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி எது சொன்னாலும் "ரைட்" என்று மட்டும் சொல்வார். அவர் பழைய முதலாளியிடம் கேட்டு, உடைத்த பஸ் ஒன்றிலிருந்து ஜன்னல் கொண்டுவந்தார். அதன் மேலே கரம் சிரம் புறம் நீட்டாதீர் என்று எழுதியிருந்தது. அழிக்கச் சொன்னதற்கு, "இருக்கட்டுமே, நல்லதுதான சொல்லுது," என்றார் குணாம்மா.

ஆனால் முதலில் அவர் செய்தது ஷெட்டின் பேட்டர்ன். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, நான்கு சுவரையும் கதவையும் முழு அளவில் வெட்டி, கொல்லையில் நிறுத்திக் கயிற்றால் கட்டி, உள்ளே சம்பத்தை உட்காரவைத்துப் பார்த்தார். காற்றடித்து மூன்று முறை விழுந்தது. மூன்று முறையும் சம்பத் உள்ளேதான் இருந்தார். நான் எங்கள் கொல்லையில் நின்று சிரித்துவிட்டு, மறுநாள் மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போனேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தேன். ஷெட் நின்றுகொண்டிருந்தது. முதல் மழையும் பெய்திருந்தது. அந்தப் பலகைகள் எத்தனை ஆண்டுகள் சுண்ணாம்பையும் பச்சைத் தோலையும் குடித்தவையோ, நனைந்ததும் எல்லாவற்றையும் வெளியே விட்டன. தெருநாய்கள் ஒன்றுவிடாமல் ஷெட்டைச் சுற்றி மரியாதையாக உட்கார்ந்திருந்தன. என் மனைவி வீடெங்கும் சாம்பிராணி போட்டு வைத்திருந்தாள். ஆனால் என்னை உறுத்தியது வாசனை இல்லை. ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கும்போதே கண்ணால் பார்த்துவிட்டேன். எங்கள் இரண்டு மனைக்கும் நடுவே மதில் கிடையாது, இரண்டு முனையிலும் எல்லைக்கல் மட்டும்தான். அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் மனதில் ஒரு நூலைப் பிடித்தேன். ஷெட் என் பக்கம் வந்திருந்தது.

டேப்பை வைத்து அளந்தேன். சரியாக ஆறங்குலம்.

ஆறங்குலத்தில் நான் என்ன விவசாயமா செய்யப்போகிறேன்? ஆனாலும் சர்வேயர் வீட்டு எல்லையே தள்ளிவிட்டது என்றால் எப்படி? ஒரு காகிதத்தில் அளவுகளோடு ஸ்கெட்ச் போட்டு, கையெழுத்தும் போட்டு, எடுத்துக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையவேண்டும் போலிருக்கிறது.

குணாம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கோடெல்லாம் ஜோரா இருக்குது சார். ஆனா மடிப்பு வுடலையே நீங்க."

"என்ன மடிப்பு?"

"தோலை அச்சு மேல இழுத்து அடியில மடிச்சு ஒட்டணும்ல? அதுக்குச் சுத்திலும் கொஞ்சம் ஜாஸ்தியா வெட்டுவோம். வுடாம வெட்டினா பீசு பத்தாது."

"அம்மா, இது ஷெட். இதை யார் இழுத்து மடிக்கப் போறாங்க?"

அவர் ஷெட்டைப் பார்த்தார். என் காகிதத்தைப் பார்த்தார். இடத்தைச் சரியாகத்தான் அளந்திருக்கிறார். அட்டையை வெட்டும்போது, முப்பத்தொரு ஆண்டுப் பழக்கத்தில் கை தானாக நான்கு பக்கமும் ஆறங்குலம் கூட்டி வெட்டிவிட்டிருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் அவர் இடம். என் பக்கம் என் இடம்.

கோபப்படுவார், நாலு வார்த்தை கேட்பார், நானும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவர் சுத்தியலைக் கொண்டுவரச் சொன்னார். "பிரிச்சுடறேன் சார். தப்பான பீஸை நான் பாஸ் பண்றதில்ல."

"ரைட்," என்றார் சம்பத், சுரத்தே இல்லாமல்.

அன்று ஞாயிறு. புதன்கிழமை குழந்தை வருகிறது. அந்தச் சுவரைப் பிரித்தால் கூரையை இறக்கவேண்டும். கூரையை இறக்கினால் புதனுக்குள் மறுபடி ஏற்ற முடியாது. நான் எத்தனையோ சொன்னேன். இருக்கட்டும் என்றேன், எழுதிக் கொடுக்கிறேன் என்றேன், அந்த ஆறங்குலத்தில் ஒரு துளசிச்செடிகூட வைக்க மாட்டேன் என்றேன். "உங்க எடம் எனக்கு இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டுக்கொண்டே பலகையைப் பெயர்த்து, சாக்பீஸால் நம்பர் போட்டு அடுக்கினார். இருட்டுவதற்குள் ஐந்து பலகை இறங்கிவிட்டது. என் மனைவி அன்று எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்ற மறந்துவிட்டாள். மறந்தாளா என்று நான் கேட்கவில்லை.

திங்கள் காலை டேப்போடு மறுபடி போனேன். கல்லிலிருந்து கல்லுக்கு நடந்தேன். குனிந்தேன், நிமிர்ந்தேன், ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பிறகு என் வாழ்நாளில் சொல்லியிராத ஒன்றைச் சொன்னேன்.

"குணாம்மா, நான் அளந்தது தப்பு. ஷெட் சரியாத்தான் இருக்கு."

அவர் பெயர்த்துக்கொண்டிருந்த பலகையைக் கீழே வைத்தார். "தப்பா அளந்தீங்களா?"

"ஆமா."

"நீங்களா?"

"ஆமாம்மா."

"எத்தினி வருஷம் சார் சர்வீசு?"

"முப்பத்துநாலு."

"பாவம் சார் ஜனங்க," என்றார்.

ஐந்து பலகைகளும் நம்பர் வரிசையில் மேலே ஏறின. செவ்வாய்க்கிழமை மெஷின்கள் ஷெட்டுக்குள் போயின. புதன்கிழமை குழந்தை வந்தது, சத்தமில்லாத கூடத்தில் தொட்டில் கட்டினார்கள். பேர்ணாம்பட்டுக்காரருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொன்னவர் மகன்தான்.

அதோடு விஷயம் முடியும் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. சர்வேயர் சார் தப்பாக அளந்த கதையைக் குணாம்மா பால் வாங்கும் இடத்தில் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார், ஏலகிரிக்கு வேன் வைத்துக்கொண்டு போனபோது பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் சொன்னார். மனை வாங்குகிறவர்கள் அதற்கு முன்பெல்லாம் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார்கள். அது நின்றது. அடுத்த தெருக்காரர் ஒருவர் மதில் எழுப்பும்போது நானே வலியப் போனேன். "வேணாம் சார், உங்களுக்கு எதுக்கு சிரமம்," என்று நாற்காலி போட்டு உட்காரவைத்து, இன்னொருவரை வைத்து அளந்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நல்லது செய்தவனுக்கு இப்படியா என்று மனைவியிடம் பொருமினேன். அவள் அந்த வாரம் முழுவதும் கேசரி செய்தாள்.

ஷெட் ஒன்பது ஆண்டுகள் ஓடியது. மருமகளும் தைக்கக் கற்றுக்கொண்டார். தெருப் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். உள்ளே போனால் ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்கும். மூட்டைகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருப்பார்கள், நான் குனிந்துதான் போவேன். "இன்னா சார், அளக்க வந்தீங்களா?" என்று குணாம்மா மெஷினிலிருந்து தலை தூக்காமலே கேட்பார். பெண்கள் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் போவதற்கு முதல்நாள்கூட அதைத்தான் கேட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மருமகள் மறுபடி தைக்கத் தொடங்குவதற்காக ஷெட்டைச் சுத்தம் செய்தார்கள். மெஷினைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும் என்று சம்பத் என்னையும் கூப்பிட்டார். மூட்டைகளை இறக்கி வெளியே வைத்ததும் தரை தெரிந்தது. என் வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டினாற்போல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, சிமெண்டுத் தரையில் வெள்ளிநிறக் கோடு ஒன்று. தோலில் குறி போடும் சில்வர் பேனாவால் போட்டது. தேயத் தேயப் பலமுறை மேலே போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நூல்கண்டுகூட இல்லை. பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"இது என்னங்க கோடு?" என்று கேட்டேன்.

"உங்க எடம் சார்," என்றார் சம்பத்.

நான் குனிந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். சம்பத்தே தொடர்ந்தார்.

"நீங்க வந்து தப்பா அளந்துட்டேன்னு சொல்ட்டுப் போனீங்களே, அன்னிக்கே டேப்பு வெச்சுப் பாத்துட்டா. 'மனுஷன் எனக்காகப் பொய் சொல்றாரு. பொய்யை வாங்கிக்கறேன், எடத்தை வாங்கிக்க மாட்டேன்'னா. கோட்டுக்கு அந்தாண்ட ஒரு டப்பா வைக்க வுட்டதில்ல யாரையும்."

"அப்புறம் ஏங்க ஊர் பூரா என்னைச் சொன்னாங்க?"

"நீங்க அளந்தது சரின்னு ஆயிட்டா ஷெட்டு தப்பாயிடுமே சார். 'சார் ஆரம்பிச்ச பொய்யி, நாமதான் நல்லபடியா முடிக்கணும்'பா."

வீட்டுக்குப் போய் டேப்பை எடுத்து வந்தேன். கோட்டிலிருந்து சுவருக்கு நாலரை அங்குலம். பலகையின் கனம் ஒன்றரை. அதையும் கழித்துத்தான் போட்டிருந்தார். எங்கள் துறையில் இவ்வளவு சுத்தமான கோடு போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த இடத்தில் ஒருமுறை நின்று பார்க்கத் தோன்றியது. இரண்டு காலையும் சேர்த்து வைக்க முடியவில்லை. ஒன்றன் முன் ஒன்றாக வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் வராத அழுகை அங்கே வந்தது. சம்பத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசலில் துடைப்பத்தோடு நின்ற மருமகள் கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டார்: "சார், அந்தப் பக்கம் ஒரு ரேக்கு வெச்சுக்கட்டுமா? உள்ள எடமே பத்தல."

"வெச்சுக்கம்மா," என்றேன்.

குணாம்மா, உங்களைக் கேட்காமல் அந்த இடத்தை உங்கள் மருமகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்பது ஆண்டுகள் எனக்காகப் பெருக்கி வைத்திருந்தீர்கள், போதும். நிம்மதியாகப் போய் வாருங்கள்.