மாட்டு வண்டியில் போன மோட்டார் சைக்கிள்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம் அது. பாகூர் ஏரி நிரம்பி வழிந்த ஒரு மழைக்காலத்தில், ரோடு எது, தண்ணீர் எது என்று தெரியாமல் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை வெள்ளத்தில் இறக்கிவிட்டார். அவர் பிழைத்தார், எஞ்சின் பிழைக்கவில்லை. கரும்பு விற்றதும் கடலூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து வேறு எஞ்சினைப் பொருத்திவிட்டு, பழையதைத் தூக்கிக்கொண்டு போனார்.

எஞ்சினில் அடித்திருக்கும் எண் மாறிவிட்டதால் வண்டியின் பதிவுக் கார்டில் புது எண்ணைப் புதுச்சேரி ஆபீசில் பதிய வேண்டும் என்றார்கள். இவர் அந்த வண்டியிலேயே கிளம்பிப் போனார். அங்கே இருந்த அதிகாரி தமிழர்தான். ஆனாலும் நடுநடுவே பிரெஞ்சு கலக்காமல் அவருக்கு நாக்கு புரளாது.

“முசியே, எதில வந்தீங்க?”

“இதோ, இதிலதான்.”

“உங்க கார்டுல இருக்கிற இஞ்சின் வேற. அப்போ இந்த வண்டிக்குக் கார்டே இல்ல. கார்டு இல்லாத வண்டிய ரோட்டுல ஓட்டுறது குத்தம்.”

“அதப் பதியத்தானே வந்தேன்?”

“பதியலாம். ஓட்டாம கொண்டாங்க.”

என் வீட்டுக்காரர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆபீஸ் கண்ணுக்கு மறைகிற வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அப்புறம்தான் ஏறி ஓட்டினாராம்.

அடுத்த வாரம் ஒரு வண்டிக்காரரைப் பிடித்து, மோட்டார் சைக்கிளைக் கயிற்றால் கட்டி அவருடைய மாட்டு வண்டியில் ஏற்றினார். டவுனில் சேலை எடுக்க வேண்டியிருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் ஒரே விசாரிப்பு.

“இன்னாபா, வண்டி படுத்துக்கிச்சா?”

“இல்லபா, நல்லாத்தான் ஓடுது.”

கேட்டவர்கள் எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

இறக்கி வைத்த மோட்டார் சைக்கிளை அதிகாரி சுற்றிச் சுற்றி வந்தார். “பழைய இஞ்சின் எங்கே? அத வேற வண்டியில மாட்டிட்டா, ஒரே கார்டுக்கு ரெண்டு வண்டி ஆயிடுமே?”

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “ரெண்டு வண்டி இருந்தா நாங்க ஏங்க மாட்டு வண்டியில வர்றோம்?”

“மதாம், சட்டத்துல மாட்டப் பத்தி ஒண்ணும் இல்ல” என்றார் அவர் மரியாதையாக. பிறகு இவர் பக்கம் திரும்பி, “சரி, ஸ்டார்ட் பண்ணுங்க” என்றார்.

மாடியில் வெள்ளைக்காரப் பெரிய அதிகாரி சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் அது. கடலூர் எஞ்சின் போட்ட சத்தத்தில் முற்றத்துப் புறாக்கள் அத்தனையும் பறந்தன. மேலே ஜன்னல் படாரென்று திறந்தது. பிரெஞ்சில் ஒரு கர்ஜனை கேட்டது. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் கீழே இருந்த அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது.

“நிறுத்துங்க! நிறுத்துங்க!”

என் வீட்டுக்காரருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாமர்த்தியம் வந்தது. “நிறுத்தினா மறுபடி கிளம்பாதுங்க. பதிஞ்சு குடுத்தீங்கன்னா அப்படியே ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன்.”

அதிகாரி ஓடிப் போய்ப் புதுக் கார்டில் முத்திரை குத்திக்கொண்டு ஓடி வந்தார். பழைய எஞ்சினைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

இவர் ராஜா மாதிரி முன்னால் பறந்தார். நான் சேலை எடுத்துக்கொண்டு மாட்டு வண்டியில் மெதுவாக வந்தேன். பாகூருக்கு வருகிற வழியில் கொஞ்ச தூரம் பிரிட்டிஷ் மண்ணைத் தாண்ட வேண்டும். அங்கே சுங்கச் சாவடியில் இவர் நின்றுகொண்டிருந்தார். புதுக் கார்டைக் காவலர் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

“இதில இன்னா எழுதியிருக்கு? இஞ்சின் கடலூர்துன்ற. சுங்கம் கட்டாம எந்த வழியா எடுத்துக்கினு போன?”

இவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் உட்கார்ந்திருந்த வைக்கோலுக்கு அடியில் சுங்கம் கட்டாத சேலைகள் இருந்தன. யாரோ எவரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டிக்காரரை ஓட்டச் சொன்னேன்.