துறைமுகம் நோக்கி வீசும் காற்று

ஒரு லத்தீன் சொல் பிறந்த கதையைப் பள்ளியில் பேசப்போவதாக மகள் சொன்னாள். வியாழன் பகல், பெற்றோரும் வரலாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அவள் வீட்டில் பேசிப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது.

"ஒப்போர்ட்டூனுஸ். ரோமாக்காரர் பாய்க்கப்பலிலை போனவை, அப்பா. 'ஒப்' எண்டால் நோக்கி, 'போர்ட்டுஸ்' எண்டால் துறைமுகம். கப்பலைத் துறைமுகப் பக்கம் தள்ளுற காத்தை அப்பிடிச் சொன்னவை. பிறகு எந்த நல்ல தருணத்துக்கும் அதையே சொல்லத் தொடங்கிட்டினம்."

"எங்களுக்கு அது வாடைக்காத்து," என்றேன். யாழ்ப்பாணத்து வடகரையில் சில வருடம் கடலுக்குப் போனவன் நான். "ஆனால் பாயை நேரத்துக்கு இறக்காட்டி வள்ளம் கரையிலை மோதும்."

அவள் அதையும் தாளில் எழுதினாள். "இதையும் சொல்லப்போறன். நீங்கள் முன்னுக்கு இருக்கவேணும்."

லீவு கேட்க வேண்டும். இங்கே, ஓர்லிகோன் என்ற பகுதியில், ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறேன். இத்தனை வருடத்தில் ஒருநாளும் லீவு கேட்டதில்லை. நாங்கள் ஷெஃப் என்று கூப்பிடும் தலைமைச் சமையல்காரருக்குப் பெரிய குரல். எனக்குக் குரலே வராது.

"இண்டைக்குக் கேட்டியளோ?" என்பாள் மனைவி.

"அவர் கோவமா நிண்டவர்."

"அவர் எப்பவும் அப்பிடித்தான். உங்கடை காத்து வீசுறதுக்குள்ளை பிள்ளை பேசி முடிச்சிடுவாள்."

செவ்வாய் பகல், சாப்பாட்டு ஓடர் எழுதும் வெற்றுத் துண்டொன்றில் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விஷயத்தை எழுதினேன். அவர் கையில் கொடுக்கப் போனேன். கிட்டப் போனதும் தைரியம் போய்விட்டது; ஓடர்கள் தொங்கும் கம்பியில் செருகிவிட்டு ஓடி வந்தேன்.

அவர் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். "இரண்டு மீன், ஒரு சூப்." சமையலறை முழுவதும் ஓம் சொன்னது: "யா, ஷெஃப்." அடுத்தது, அதே வேகத்தில்: "வியாழன் பகல் ஒரு லீவு, மகள் பள்ளியில் பேசுகிறாள்."

"யா, ஷெஃப்," என்றார்கள் எல்லோரும், வழக்கம்போல.

பிறகுதான் சிரிப்பு. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்போ யார் கழுவுவது?"

நான் அடுத்த தட்டை எடுத்துச் சவர்க்கார நுரைக்குள் அமிழ்த்தினேன். மீன் பொரித்துக்கொண்டிருந்த போர்த்துக்கீசக்காரர்தான் பதில் சொன்னார்: "ஷெஃப், நாங்கள் எல்லோரும் இப்போது ஓம் என்றுவிட்டோமே."

ஷெஃப் சிரிக்கவில்லை. முடிந்த ஓடர்களைக் குத்தி வைக்கும் ஆணியில் என் துண்டையும் குத்திவிட்டு, அடுத்ததை வாசித்தார்.