அட்டைக்கு மேலே கேட்டது

அந்தச் சாயங்காலம் ஏணியடியில் நின்றவர்கள் அப்பா, அம்மா, நான். ஏணி மேலே கொத்தனார் செல்வம் அண்ணன். அக்கா இல்லை. அவள் திருமங்கலத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அவளைக் கூட்டிவர ஐந்து நாள்தான் இருந்தது.

நேற்று, நாகமலை புதுக்கோட்டையில் இப்போது நான் தங்கியிருக்கும் அறைக்குப் பக்கத்து வீட்டில் பாஸ்மதி அரிசி கொதித்தது. எல்லோருக்கும் பசி எடுக்கும் வாசனை. நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். மரநாய் மூத்திரத்துக்கும் அதே வாசனைதான், நம்புங்கள். கோச்சடையில் எங்கள் வாடகை ஓட்டு வீட்டில் அது குடிவந்த புதிதில், "யாரு வீட்லடா தெனமும் பிரியாணி?" என்று அம்மா தெருவையே சந்தேகப்பட்டாள். பிறகு, ஓட்டுக்குக் கீழே அடித்திருந்த அட்டையில் மஞ்சளாக மூத்திரக் கறை இறங்கியது. வாசனை நாற்றமானது. கறை இருந்தது அக்கா படுக்கவேண்டிய கட்டிலுக்கு நேர் மேலே.

என் முதல் பட்டதாரிச் சான்றிதழின் நகலை அப்பா சாமி படம் போலச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அவருக்கு, மரநாயை விரட்டுவதும் என் படிப்பில் அடக்கம் என்று எண்ணம். நானும் மறுக்கவில்லை. போனில் படித்தேன்: பொழுது இறங்கியதும் இரைக்குப் போகும், போனதும் ஓட்டையை அடைத்துவிட வேண்டும். அதற்குக் கீழேயும் ஏதோ எழுதியிருந்தது. நான் அதுவரை போகவில்லை.

அந்தச் சாயங்காலம் மரநாய் தென்னைக்குத் தாவியது.

"குட்டிகிட்டி கெடக்கான்னு ரெண்டு ஓட்டப் பிரிச்சுப் பாத்துருவமா மாப்ள?" என்றார் செல்வம் அண்ணன்.

"வேணாம்ணே. படிச்சிட்டேன்."

"படிச்சவுக சொன்னா சரிதான்" என்று சிரித்துக்கொண்டே சாந்தை அப்பினார்.

மறுநாள் காலையில் அந்தச் சாந்து முழுக்க நகக் கீறல். அம்மா மேலே பார்த்தாள். "உள்ள கீச்சுக்கீச்சுங்குதுடா."

"எலிம்மா."

இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் சத்தமில்லை. "போயிருச்சு பாத்தியா" என்றேன்.

அக்கா வந்த அன்று அட்டையிலிருந்து முதல் புழு கட்டிலில் விழுந்தது. அட்டையை உடைத்தோம். மூன்று குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அள்ளிப் புதைத்த பிறகும் வாடை மரச்சட்டங்களில் இருந்தது. பினாயில் தெளித்தோம், சுண்ணாம்பு தூவினோம். பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று அம்மா கிழித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணிகளால்தான் துடைத்தோம். சாம்பிராணி போடலாம் என்று உங்களுக்கும் தோன்றும். போடாதீர்கள், அது வாடையை மூடாது, அதோடு சேர்ந்துகொள்ளும். அக்காவுக்குச் சோறு தங்கவில்லை.

அக்கா வந்த நான்காம் நாள் அவளைப் பார்க்க மாமியார் வந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி, "தப்பா நெனைக்காதீக சம்பந்தி. இந்த வாடையில பச்சப்புள்ளைய எங்கிட்டுப் போடுவீக?" என்றார். அம்மா அக்காவின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். மாமியாரோடு ஆட்டோவில் ஏறும்போது அக்கா என்னிடம் மட்டும் கேட்டாள்: "குட்டி கத்துனது கேக்கலையாடா ஒனக்கு?"

கேட்டது என்று நான் சொல்லவில்லை.

இப்போது அந்த வீடு இல்லை. தென்னைகளை வெட்டி மாடி கட்டிவிட்டார்கள். மரநாய் கண்ணில் பட்டே எத்தனையோ நாளாயிற்று. இரண்டாவது பிரசவத்துக்கும் அக்கா வரவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் வழக்கம், செலவும் தாய் வீட்டுடையது. முதல் பிரசவம் திருமங்கலத்தில் நடந்தாலும் ஆஸ்பத்திரி பில் எங்களுக்கு வந்தது. அம்மா பக்கத்தில் இல்லாமல் பிறந்த பேத்திக்காக அப்பா கடன் வாங்கிக் கட்டியது, புது அட்டைக்கும் செல்வம் அண்ணன் கூலிக்கும் சேர்த்து, எழுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.