ப்ரோல்கா இருபத்திரண்டு

வசந்தமலர் அக்காவும் நானும் ஒரே காரில் வேலைக்குப் போகத் தொடங்கிப் பதினோரு வருடமாகிறது. அதில் எட்டு மாதம் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் போனோம். தப்பு அவர்மேல்தான் என்று அப்போது கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

அக்கா யாழ்ப்பாணம், நான் கரூர்; இருவரும் வெளிநாடு வந்து ஒரே நகரத்தில் குடியேறியவர்கள். அவர் வீடு ஹில்ஸ்பரோவில், என் வீடு அடுத்த பேட்டையில். இருவருக்கும் வேலை, விரி என்னும் பகுதியில் உள்ள பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றில். நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அவர் ஸ்டாக் எண்ணுகிறவர். கம்ப்யூட்டரில் ஐந்நூறு பெட்டி என்று இருந்தால், ரேக்கிலும் ஐந்நூறு இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது அவர் வேலை. எண்ணப் போகிற ஆளுக்குக் கம்ப்யூட்டர் எண்ணைக் காட்டக்கூடாது என்பது எங்கள் கிடங்கில் சட்டம். காட்டினால் எண்ணமாட்டான், அதையே எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். மனிதர்களை நன்றாகத் தெரிந்த யாரோ போட்ட சட்டம் அது.

அக்காவுக்கு எண்ணுவது வேலை மட்டுமில்லை, வியாதி. மாங்கரே பாலத்தைத் தாண்டும்போது, "தம்பி, கொஞ்சம் மெதுவாப் போங்கோ" என்பார். நூறு கிலோமீட்டர் வேகத்தில் எல்லோரும் பறக்கும் நெடுஞ்சாலையில் நான் எங்கே மெதுவாகப் போவது? தண்ணீர் வற்றிய சேற்றில் நிற்கும் நீளமூக்குப் பறவைகளை ஜன்னலோடு ஜன்னலாக முகத்தை ஒட்டி எண்ணி, "இண்டைக்கு நானூறுக்குக் கிட்ட" என்று திருப்தியாகச் சாய்ந்துகொள்வார். கோயிலுக்குப் போனால் சாமியைக் கும்பிடுவதற்கு முன் செருப்புகளை எண்ணுவார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த வியாதி அவரைக் கடல் தாண்டி ஆஸ்திரேலியா வரை கொண்டுபோனது, உட்கார்ந்த இடத்திலிருந்தே. ஒடாஹுஹு நூலகத்தில் ஒருநாள் ஓர் அறிவிப்பைப் பார்த்திருக்கிறார். கையால் எழுதிய பறவைக் கணக்கு அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆட்கள் தேவை என்று இருந்ததாம். கணக்கு என்ற சொல்லைக் கண்டதும் பெயரைக் கொடுத்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அது இந்த நாட்டுப் பறவைகளே இல்லை என்று. குவீன்ஸ்லாந்தின் தென்மேற்கு மூலையில், ஆளே இல்லாத செம்மண் வெளியில் எந்தப் பறவை எங்கே, எத்தனை, எந்த மாதத்தில் இருக்கிறது என்று ஒரு பெரிய பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது, தம்பி. பிறகு அட்டையளை வாசிக்க வாசிக்க விடவும் மனம் வரேல்லை" என்றார்.

அவர் மகள் கஜந்தினி ஒருமுறை காரில் வந்தபோது, "அம்மா, யூ ஹேவ் நெவர் ஈவன் பீன் தேர்" என்று சிரித்தாள். "நான் போகாட்டியும் அதுகள் அங்கதானே நிக்குதுகள்" என்றார் அக்கா.

அவர் பொறுப்பில் இருந்த அட்டைகளில் முக்கால்வாசி நோயல் என்ற ஒரே மனிதருடையவை. வயது எண்பத்திரண்டு. ஒரு மாட்டுப் பண்ணையில் காற்றாலைகளைப் பழுதுபார்த்து, ஓய்வுபெற்ற பிறகும் அங்கேயே இருப்பவர். 1992இலிருந்து மாதத்துக்கு ஓர் அட்டை. ஒரு பத்தியில் வீட்டைச் சுற்றிப் பார்த்த பறவைகள், இன்னொரு பத்தியில் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குளத்தில் பார்த்தவை. அந்தப் பக்கம் இருநூறு கிலோமீட்டருக்கு வேறு யாரும் பறவையை எண்ணுவதில்லை. அட்டையின் ஓரத்தில் அவர் கிறுக்கும் குறிப்புகள்தான் அக்காவுக்கு உயிர். 'நாய் குரைத்ததில் பாதி பறந்துவிட்டன. என் நாய் அல்ல.' 'கண்ணாடியை மறந்துவிட்டேன். தூரத்தில் இருந்தவை கூழைக்கடாவாகவும் இருக்கலாம், ஆடாகவும் இருக்கலாம்.' இவற்றைக் காரில் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். ஒருமுறைகூடச் சந்திக்காத அந்தக் கிழவரை எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

போன ஆகஸ்டில் நோயலிடமிருந்து ஒரு கட்டு வந்தது. கொரோனாவுக்கு முன்பிருந்தே அனுப்பாமல் வைத்திருந்த நான்கரை வருட அட்டைகள், 2019 ஜூலை முதல் 2023 முடிய. ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் அக்கா காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுவிட்டு, சேற்றுப் பறவைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"செல்வராஜ் தம்பி, இந்த மனுசன் எண்ணேல்லை."

"எப்படிக்கா சொல்றீங்க?"

"முந்நூற்றுப் பதினேழு சீழ்க்கைச் சிறகி வாத்து. இந்த எண்ணை என்ர விரல் முந்தியும் அடிச்சிருக்கு. போய்ப் பாத்தன். 2020 மார்ச்சில குளத்துக் கணக்கு முழுக்க 2011 மார்ச். ஏப்ரல், 2012 ஏப்ரல். சிலதில மட்டும் ரெண்டைக் கூட்டிக் குறைச்சிருக்கிறார். ப்ரோல்கா மட்டும் மாறவே இல்லை. எல்லா மாசமும் இருபத்திரண்டு. ஒரு மாசமாவது இருபத்தொண்டா இருக்காதோ?"

ப்ரோல்கா என்பது என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் சாம்பல் நிற நாரை. தலையில் சிவப்பு. ஜோடி ஜோடியாக நின்று ஆடுமாம். அந்த வட்டாரத்திலேயே அது இருக்கும் ஒரே இடம் நோயலின் குளம். பட்டியலில் அதற்கு நேரே 'எப்போதும் இருப்பது' என்று அச்சாகப் போகிறது. ஒருவேளை அது போய்விட்டிருந்தால், போனது யாருக்கும் தெரியாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒருவர் இட்டுக்கட்டி எழுதியிருக்கிறார் என்று தெரிந்தால், அவருடைய அட்டைகள் மொத்தத்தையும் தள்ளிவிட வேண்டும் என்பது பட்டியல்காரர்களின் விதி. நோயலின் உண்மையான இருபத்தேழு வருடமும் குப்பைக்குப் போகும். செப்டம்பர் கடைசியில் பட்டியல் முடிகிறது. சொன்னால் அந்த மனிதரின் வாழ்நாள் உழைப்பு போச்சு, சொல்லாவிட்டால் புத்தகத்தில் பொய்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "இன்னும் ஏன் யோசிக்கிறீங்க? ரிப்போர்ட் பண்ணிட வேண்டியதுதானே. உங்களுக்கு அது கைவந்த கலையாச்சே" என்றேன்.

இதை விளக்கியாக வேண்டும். 2016இல் பதினான்காவது ரேக்கை எண்ணும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. நான் ஒழுங்காக எண்ணவில்லை. போன மாதத் தாளைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அக்கா ஒரே நாளில் கண்டுபிடித்து மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தார். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. கையில் இருந்த லீடர் பொறுப்பும் போயிற்று. அடுத்த எட்டு மாதம் காரில் ரேடியோ மட்டும்தான் பேசியது. ஷிஃப்ட் ஒன்றாக இருந்ததால் காரை மட்டும் விடவில்லை.

 நான் குத்திக் காட்டியதற்கு மறுநாள் காலை, பாலத்தின் மேல் போகும்போது அக்கா கேட்டார்.

"நீங்கள் அண்டைக்கு ஏன் எண்ணேல்லை?"

எட்டு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. மேனேஜர் கேட்கவில்லை. என் மனைவி தேவதர்ஷினி திட்டினாள், கேட்கவில்லை. அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். குத்திப் பேசுகிற முகம் இல்லை. ஒரு ரேக்கில் ஏன் ஏழு பெட்டி குறைகிறது என்று தெரிந்துகொள்ள நினைக்கும்போது வரும் அதே முகம்.

"பயம்க்கா" என்றேன். "அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஆளத் தூக்கிட்டு மேல போற மெஷின் ஒம்பது மீட்டர் உசரத்துல நின்னுபோச்சு. அரை மணி நேரம் நான் மேலயே இருந்தேன். அதுக்கப்புறம் அதுல கால் வெச்சாலே நடுங்கும். லீடரா இருந்துக்கிட்டு அத எப்படி வெளிய சொல்றது? மேல் ரெண்டு தட்டுக்கும் பழைய தாளப் பாத்து எழுதிட்டேன். கீழ இருந்ததெல்லாம் ஒழுங்காத்தான் எண்ணுனேன்."

அக்கா ரேடியோவை அணைத்தார்.

"ஓம். கீழ் மூண்டு தட்டும் சரியாத்தான் இருந்தது. நான் பாத்தனான். ஆனா முழுத் தாளும் பொய் எண்டுதான் எழுதிக் குடுத்தன்" என்றார். பிறகு, "அது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ, தம்பி."

இந்த ஒரு சொல்லுக்காக எட்டு வருடம் காத்திருந்தேன் என்பது அது வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. விரிக்குத் திரும்ப வேண்டிய வழியை விட்டுவிட்டு, அதைத் தாண்டி மனுரேவா வரை போய்விட்டேன். இருவரும் இருபது நிமிடம் தாமதம்.

அன்று மாலையே அவர் நோயலின் அட்டைகளை மறுபடி விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த முறை இரண்டு பத்திகளையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார். மறுநாள் காரில் ஏறும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"வீட்டுப் பக்கக் கணக்கு அவ்வளவும் உண்மை. கொண்டைப் புறா ஏழு, பதினொண்டு, ஒண்டுமில்லை, மூண்டு. ஒழுங்கில்லாத எண். பொய் சொல்லுறவனுக்கு அப்பிடி எழுத வராது. பக்கத்தில குறிப்பும் இருக்கு, பூனை வந்ததாம். குளத்துப் பத்தி மட்டும்தான் பழைய கணக்கு. நீங்கள் மேல் தட்டுக்கு ஏறேல்லை. அவர் குளத்துக்குப் போகேல்லை."

சனிக்கிழமை காலை என்னையும் வீட்டுக்கு வரச் சொன்னார். தனியாகக் கதைக்கப் பயமாக இருக்கிறதாம். அவர் கணவர் குணரத்தினம் அண்ணர் தேநீரை வைத்துவிட்டு, "ஒரு வாத்துக்கு இவ்வளவு பாடோ" என்றபடி தோட்டத்துக்குப் போய்விட்டார். அக்கா பண்ணையின் எண்ணை அழுத்தி, போனை மேசைமேல் வைத்து, ஒலியைக் கூட்டினார்.

எடுத்தவர் நோயல்தான். அக்கா தன் பெயரைச் சொன்னதும், தன் கையெழுத்தைப் படிக்க முடிந்த ஒரே பெண் என்று சந்தோஷமாகப் பேசினார். அக்கா ஏன் பொய் எழுதினீர்கள் என்று கேட்கவில்லை. எந்த மாதத்திலிருந்து குளத்துக்குப் போகவில்லை என்று கேட்டார்.

 இணைப்பு போய்விட்டது என்று நான் போனை எடுக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

2019 ஜூன் கடைசி என்றார் நோயல். இடுப்பு. வாசல் வரை நடக்கலாம், அதற்குமேல் இல்லை. நடக்க முடியவில்லை என்று மகனிடம் சொன்னால் நகரத்து முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். முதல் மாதம் குளத்துப் பத்தியை வெறுமையாக விட்டுத்தான் பார்த்தாராம். இருபத்தேழு வருடத்தில் அது வெறுமையாக இருந்ததில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. வழக்கமாக இருப்பவை இருக்கத்தானே செய்யும் என்று பழைய அட்டையை எடுத்தார். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் எடுத்தார். ப்ரோல்காவைக் கூட்டவோ குறைக்கவோ மட்டும் கை வரவில்லை, கடைசியாகத் தான் பார்த்தது இருபத்திரண்டு என்றார்.

நான் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 

பிறகு நோயல் ஒரு கேள்வி கேட்டார். உனக்கு மற்றவர்கள் அனுப்பும் அட்டைகளும் வருமே, குளத்தில் இன்னும் ப்ரோல்கா இருக்கின்றனவா என்று.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. வேறு யாருடைய அட்டையும் இல்லை, நீங்கள் ஒருவர்தான், எனக்குத் தெரியாது நோயல் என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். எனக்கும் தெரியாது என்றார் அவர். 2019 ஜூலையிலிருந்து குளத்துப் பத்தியைக் கோடிட்டு அடித்துவிடு என்று அவரே சொன்னார்.

பட்டியல்காரர்களோடு அக்கா நடத்திய சண்டையைத் தனியாக எழுதலாம். இரண்டு பத்திகளையும் பிரித்துக் காட்டி, எது எண்ணியது, எது எண்ணாதது என்று மாதவாரியாக நிரூபித்து, நான்கு மின்னஞ்சல் போட்டார். நோயலின் இருபத்தேழு வருடமும், அதற்குப் பிந்தைய வீட்டுப் பக்கக் கணக்கும் தப்பின. ப்ரோல்காவுக்கு நேரே என்ன போடுவது என்பதில்தான் இழுபறி. எப்போதும் இருப்பது, வந்துபோவது, அரியது, வழிதவறி வந்தது என்று நான்கு வகைதான் அவர்களிடம் இருந்தது. அக்கா ஐந்தாவதாக ஒன்றைப் போடவைத்தார். 'நிலை தெரியவில்லை. 2019 ஜூனுக்குப் பின் யாரும் போய்ப் பார்க்கவில்லை.'

நவம்பரில் நோயலின் புது அட்டை வந்தது. அக்கா காரில் அதைப் போனில் திறந்து என்னிடம் நீட்டினார், நான் ஒரு கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். வீட்டுப் பக்கம் கொண்டைப் புறா பதினான்கு, பருந்து ஒன்று. குளத்துப் பத்தியில் அச்சடித்த முப்பத்தொரு பறவைப் பெயர்கள். மேலே ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தால் போதும். அவர் அப்படிச் செய்யவில்லை. முப்பத்தொன்றுக்கும் நேரே, ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். போகவில்லை. போகவில்லை. போகவில்லை. ப்ரோல்காவுக்கு நேரே மட்டும் இன்னும் இரண்டு சொல் இருந்தது.

'போகவில்லை. பார்க்க ஆசை.'