நிறைந்ததும் நின்ற மோட்டார்

எங்கள் பக்கம் மோட்டார் என்றால் தண்ணீரை ஏற்றுவதற்குத்தான். கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு, போரிலிருந்து மாடித் தொட்டிக்கு. உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே கொட்டுவதற்கென்று ஒருவர் மோட்டார் வாங்குவார் என்பதே பழனிசெட்டிபட்டிக்குப் புதுச் செய்தி. வாங்கியவர் என் சித்தப்பா. மாட்டிக் கொடுத்தவர் என் அப்பா. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. எந்தத் தோட்டத்தில் மோட்டார் மூச்சை விட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சித்தப்பா அணையில் மீன் பிடிக்கிறவர். பரிசல்களுக்கு நடுவே அவருடையது ஒன்றுதான் எஞ்சின் வைத்த ஃபைபர் படகு. அதன் பின்புறத்தில் எங்கோ ஒரு கசிவு. என்ன பூசினாலும் அடங்கவில்லை. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம், காலையில் போனால் படகுக்குள் ஒரு குளம் இருக்கும். இந்த நேரத்தில் அவருக்கு மார்க்கையன்கோட்டையில் பெண் அமைந்தது. பெண்ணின் அப்பாவுக்கு நிறையத் தோட்டம், நிறைய மோட்டார். எல்லாம் என் அப்பா கைபட்டவை. சம்பந்தம் வந்த வழியே அதுதான். மாப்பிள்ளை வீடு பார்க்க வரும்போது படகையும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கிற மோட்டார் தேனியில் கிடைக்காது என்பதால் கோட்டயம் வரை போனோம். கடைக்காரர் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றை எடுத்து வைத்து, “ஓட்டோமாட்டிக் ஆணு சேட்டா, சுவிட்ச் உள்ளே உண்டு” என்றார். அப்பா அதைத் தூக்கிப் பார்த்தார். கனமே இல்லை. கனமில்லாத மோட்டாரை அவர் மோட்டாராகவே மதிக்க மாட்டார். சுவிட்ச் இல்லாத பெரியதாக ஒன்றைக் கேட்டு வாங்கினார். “ஆட்டோ சுவிட்சா? நம்ம கடையில மூட்டையா கெடக்கு” என்றார். மாடித் தொட்டிக்குள் தொங்குமே, கறுப்பு மிதவை, அதைத்தான் சொன்னார். சித்தப்பா அந்தச் சின்ன மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் முன்னால் வாய் திறந்து அவருக்குப் பழக்கமில்லை.

வீடு பார்க்க வருவதற்கு முந்தைய நாள் மாலை அப்பா கரைக்கு வந்து மாட்டினார். அந்த மிதவையில் மூன்று வயர்கள் உண்டு. ஒரு ஜோடியைச் சேர்த்தால் தொட்டியை நிரப்பும், இன்னொரு ஜோடியைச் சேர்த்தால் காலி செய்யும். அப்பாவின் கை வாழ்நாள் முழுக்க நிரப்புகிற ஜோடியையே சேர்த்த கை. அன்றும் அதையே சேர்த்தது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பாட்டரியை இணைத்ததும் மோட்டார் ஓடியது. பரிசல்காரர்கள் படகுக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். குழாய் வழியே அது வெளியே பாய்ந்தது. இன்னும் வேகமாக ஊற்றினார்கள். மிதவை மேலே எழும்பியது, மோட்டார் கப்பென்று நின்றது.

“பாத்தீகளா, நெறஞ்சதும் தானா நின்னுருச்சு!” என்றார் அப்பா.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தொட்டி நிறைந்ததும் மோட்டார் நிற்பதைத்தானே எல்லோரும் வீட்டில் பார்த்திருக்கிறோம்.

சித்தப்பா மட்டும் தட்டவில்லை. “ஏண்ணே, தண்ணி ஏறுனா இது ஓடவுல்ல செய்யணும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஏலே, மோட்டாரப் பத்தி எனக்கே பாடம் எடுக்குறியா? அடியில கொஞ்சம் தண்ணி நின்னாத்தான் அது சூடாகாம இருக்கும்.”

பரிசல்காரர்கள் சிரித்தார்கள். சித்தப்பாவும் கூடச் சிரித்துவிட்டு, தேங்காய்ச் சில்லைப் பொறுக்கி எனக்குக் கொடுத்தார்.

இரவெல்லாம் மழை. காலையில் விருந்தாளிகளை விட்டு யாராலும் கரைக்குப் போக முடியவில்லை. கேசரி சாப்பிட்டு, காப்பி குடித்து, வேன் நிறைய ஆட்களோடு அணைக்குப் போய் இறங்கினோம். படகு இருந்த இடத்தில் அதன் மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. எஞ்சின் உள்ளே போயிருந்தது. பட்டுச்சேலை கட்டி வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பெண்ணின் அப்பா படகின் மூக்குப் பக்கம் தெரிந்த வயரைப் பார்த்துவிட்டு, “மோட்டார் மாட்டுனதாச் சொன்னாகளே, யாரு மாட்டுனது?” என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தார். வார்த்தை வருவதற்குள் சித்தப்பா முன்னால் வந்துவிட்டார்.

“அண்ணன் சரியாத்தான் மாட்டிட்டுப் போனாக. நாந்தான் கை சும்மா இருக்காம வயர மாத்திக் குடுத்துட்டேன்.”

அப்பா திறந்த வாயை மூடிக்கொண்டார். அணையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெண்ணின் அப்பா வேனில் ஏறும்போது, எங்களுக்குக் கேட்கும்படியே, “நல்லாருக்கிற பொருளை நோண்டிக் கெடுக்கிறவன் கையில பிள்ளையக் குடுத்துட்டு என்ன செய்ய?” என்றார். சம்பந்தம் அத்தோடு முடிந்தது. ஆனால் அவருடைய தோட்டத்து மோட்டார்கள் வழக்கம்போல அப்பாவின் கடைக்கே வந்துகொண்டிருந்தன.

எனக்குச் சித்தப்பாவை நினைத்து அவமானம் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் இப்படியும் ஒரு ஆளா என்று அழுதேன். அம்மா திட்டினாள், அத்தைகள் போனில் திட்டினார்கள். சித்தப்பா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அப்பா மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு வேளை சாப்பிடவும் இல்லை. தம்பி மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் பள்ளி விட்டுக் கடைக்குப் போனேன். படகிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த மோட்டாரை ஒரு டிரம்முக்குள் இறக்கி வைத்து அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். வயர் ஒன்றைப் பிரித்து இன்னொன்றைச் சேர்த்தார். தண்ணீர் ஊற்றினார். மிதவை எழும்பியதும் மோட்டார் ஓடத் தொடங்கியது. டிரம் காலியானதும் நின்றது. மறுபடி ஊற்றினார்.

நான் கை தட்டினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“சித்தப்பா கெடுத்து வச்சத நீங்க ஒத்த நிமிசத்துல சரி பண்ணிட்டீகளேப்பா!”

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. என்னைப் பார்க்காமல் டிரம்முக்குள் குனிந்துகொண்டார். பாவம், யாராவது பாராட்டினால் கூச்சப்படுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் பலமாகத் தட்டினேன்.