எது அறுந்தது?

என் தொழிலைக் கெடுக்கப் பார்த்தது நீங்கள்தான், அண்ணாச்சி. கடல் இல்லை, என் கையும் இல்லை. தூத்துக்குடியில் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கும் நீங்கள்தான்.

என் கை போன கதை உங்களுக்குத் தெரியும். வள்ளத்துக்கும் கரைச்சுவருக்கும் நடுவில் மாட்டி, வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. அதுவரை நான் கணவாய் பிடித்தது வெறும் கையால். தங்கூசி என்கிற நைலான் நரம்பை உள்ளங்கையில் ஓடவிட்டு வெட்டி வெட்டி இழுப்பேன். அது இனி முடியாது என்று ஆனதும், என் மனைவியின் அண்ணன் முத்தையாபுரத்தில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

"நாற்காலி போட்டுத் தருவான் மாப்ள. கேட்டைத் தொறந்து மூடணும், அவ்வளவுதான்" என்றார்.

புன்னைக்காயல் கடற்கரையில் பிறந்து லாரிக்குக் கதவு திறந்துவிடுவதா? ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன். தூண்டில் கம்பும் நூல் சுற்றும் ரீலும் வாங்கி, இந்தக் கையாலேயே கணவாய் கொண்டுவந்தால் கடல். இல்லையென்றால் கேட்.

இதையெல்லாம் சொல்லித்தான் உங்கள் கடையில் ரீல் கேட்டேன். நீங்கள் மேல்தட்டிலிருந்து தேங்காய் பருமனில் ஒன்றை இறக்கினீர்கள்.

"கணவாய்க்கு இவ்வளவு பெருசு வேணுமா அண்ணாச்சி?"

"பெருசு சின்னதப் பிடிக்கும். சின்னது பெருசப் பிடிக்குமாலே? நீயே சொல்லு."

ரீல் தொழில் எனக்குப் புதிது. வாங்கிக்கொண்டு போனேன்.

கடலில் நடந்தது இது. இறால் போல் செய்த பொம்மைத் தூண்டிலைக் கணவாய் வந்து கட்டிப்பிடிக்கும். கம்பு வளையும். சுற்றுவேன். பாதி வழியில் கனம் போய்விடும். மேலே வருவது தூண்டில் மட்டும். ஒவ்வொரு தடவையும் இப்படியே. மறுபடி உங்கள் கடைக்கு வந்தேன்.

"அண்ணாச்சி, பாதியிலயே அறுந்து போவுது."

எது என்று நீங்கள் கேட்கவில்லை. எங்கள் கரையில் அறுந்துபோச்சு என்றால் கேட்கிறவன் நூலைத்தான் நினைப்பான். நீங்களும் நினைத்தீர்கள். முன்னதைவிடத் தடிமனான பின்னல் நூலை எடுத்து ரீலில் சுற்றினீர்கள். நூல் ஓடுவதைக் கட்டுப்படுத்தும் முன்பக்கத் திருகை உங்கள் கையாலேயே இறுக்கினீர்கள்.

"இனி ஒரு இஞ்ச் ஓடாது. சுறாவே வந்தாலும் அறுபடாது பாத்துக்கோ."

பக்கத்தில் நின்றவன் சிரித்தான். "அண்ணாச்சி, இவரு ஹார்பர்ல கப்பலக் கட்டி இழுக்கப் போறாராமா?" நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். மருந்து கிடைத்துவிட்டது என்று நானும் சிரித்தேன்.

நிலைமை மோசமாயிற்று. தடித்த நூலை நீரோட்டம் இழுத்துப்போனது, தூண்டில் இறங்கவில்லை. தப்பித்தவறிப் பிடித்த கணவாயும் ஒரே இழுப்பில் போயிற்று. ரீலின் பாரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. கரைக்கு வந்து கம்பை மணலில் போட்டுவிட்டு, அங்கே நின்ற என் மனைவியிடம், கேட் வேலைக்கு வருகிறேன் என்று மச்சானிடம் சொல்லிவிடு என்றேன்.

அவள் தூண்டிலை எடுத்துப் பார்த்தாள். "இதென்ன, ஊசியில சதை ஒட்டிக்கிட்டு இருக்கு?"

"கணவாய்க் கை. அதுதான் அறுந்து போவுதுங்கேன்ல."

"அப்பம் நூலு?"

"நூலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"நூலு அறுந்துச்சுன்னுல்லா தடி நூலு வாங்கிட்டு வந்திய?"

"நான் எப்பம் நூலு அறுந்துச்சுன்னேன்?"

அவள் மணலில் உட்கார்ந்து சிரித்தாள். "ரெண்டு ஆம்பளையளும் ஆளுக்கொண்ணப் பேசிட்டு இருந்திருக்கிய. அவரு நூலக் காப்பாத்துதாரு, நீங்க கணவாயத் தொலைக்கிய. நல்லா இருக்கு யாவாரம்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் விஷயம் விளங்கியது. கொக்கியில் மீன் மாட்டுவது வாயில். கணவாய் மாட்டுவது அதன் கையில், அது வெண்ணெய் போன்ற சதை. முன்பு அது திமிறினால் என் உள்ளங்கை தானாகவே கொஞ்சம் இளக்கிக் கொடுத்தது. அந்த வேலையை இனி ரீலின் திருகு செய்ய வேண்டும். நீங்களோ அதைத்தான் இறுக்கிக் கொடுத்தீர்கள்.

மூன்றாம் தடவை வந்தபோது உங்களை எடுத்துத் தரச் சொல்லவில்லை. நானே பார்த்தேன். கைக்குள் அடங்குகிற சின்ன ரீல்களை மட்டும் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் திருகைத் தளர்த்தி நூலை இழுத்துப் பார்த்தேன். வெட்டி வெட்டி விட்டதையெல்லாம் தள்ளி வைத்தேன். வழுக்கிக்கொண்டு சீராக விட்டது ஒன்று. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் போதும், அதன் கைப்பிடியைச் சுற்ற. மெல்லிய பின்னல் நூல் கேட்டேன். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, நுனியில் கட்ட ஒரு பாகம், இரண்டு கையும் விரித்த நீளத்துக்கு, தங்கூசி கேட்டேன்.

"இது குளத்துல கெண்டை பிடிக்கதுல்லா?" என்றீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள் என்று வந்துவிட்டேன்.

அடுத்த நாள் விடியலில் கச்சான் காற்று அடங்கியிருந்தது. தூண்டில் நேராக இறங்கியது. கம்பு வளைந்ததும் கணவாய் திமிறியது, ரீல் கிர்ரென்று நூல் விட்டது. அது திமிறலை நிறுத்தியதும் சுற்றினேன். மறுபடி விட்டது, மறுபடி சுற்றினேன். வள்ளத்துக்குள் ஏற்றியபோது சட்டை நிறைய மை பீய்ச்சியது. எட்டுக் கையும் இரண்டு நீளக் கையும் முழுசாக இருந்தன. இன்னும் வந்தன. அந்தச் சட்டையோடே மச்சான் வீட்டுக்குப் போய், நாற்காலியை வேறு யாருக்காவது போடச் சொல்லுங்கள் என்றேன். பின்னால் வந்த என் மனைவி, "மையோட யாரு கேட்ல நிக்க விடுவா?" என்றாள்.

எனக்குப் பிழைப்பு திரும்பிவிட்டது. உங்களை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் பெரியதாழை ஆள் ஒருவரை பஸ்ஸில் பார்த்தேன். மடியில் அதே தேங்காய் ரீல், அதே தடித்த நூல். எதற்கு என்றேன். கணவாய்க்கு என்றார். எந்தக் கடை என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடைக்கு வருகிறேன், அண்ணாச்சி. ஆள் நிறைய இருக்கும். ஒருவன் அறுந்துபோச்சு என்று வந்து நின்றால், எது அறுந்துச்சு என்று கேட்க உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை? அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.